இரண்டாம் தியேட்டரிலிருந்து நடந்து வந்தவள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அது சம்பளச் சீட்டோடு சரி. மற்ற எல்லா இடத்திலும் அவள் வாய்க்காரிதான். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்கள் இண்டர்காமில் கூப்பிடும்போதுகூட "வாய்க்காரி இருக்காளா?" என்றுதான் கேட்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "இருக்கேன், வாயும் கூடவே இருக்கு. என்ன வேணும் சொல்லுங்க" என்பாள்.

அவள் வேலை பார்த்தது தரைக்குக் கீழே, லிஃப்ட் போய் நிற்கிற கடைசித் தளத்தில். மேலே ஆபரேஷன் முடிந்ததும் கருவிகளெல்லாம் மூடிய தட்டுகளில் அங்கே இறங்கி வரும். அவற்றை ஊறவைத்து, பாகம் பாகமாகப் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்க்குள் தண்ணீர் பீய்ச்சி, உலர்த்தி, லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டியில் ஏற்றி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். இருபத்தோரு வருஷம் அதைத்தான் செய்தாள். முழங்கை வரை ரப்பர் உறை போட்டும் அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும்.

டாக்டர்களை அவள் முகம் பார்த்து அறிந்தது கொஞ்சம்தான். அவர்கள் அனுப்புகிற அழுக்கைப் பார்த்து அறிந்தது அதிகம். ஒருவருடைய இடுக்கிகளின் நுனியில் கருகிய சதை அடை அடையாக ஒட்டியிருக்கும். மனுஷன் ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் கண்டபடி சுட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்வாள். இன்னொருவர் ஒரு சின்ன ஆபரேஷனுக்கு மூன்று தட்டுக் கருவிகளைத் திறந்திருப்பார். உள்ளே போய்த் தடுமாறியிருக்கிறார் என்று அர்த்தம். பெரிய டாக்டரம்மாவின் தட்டு மட்டும் எப்போதும் ஒரே மாதிரி வரும். எண்ணி ஆறு கருவிகள், நுனியில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். சமைத்து முடித்த கையோடு அடுப்படியைத் துடைத்துவிட்டு வருகிறவளைப் போல.

அந்தப் பெரிய டாக்டரம்மாதான் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர் வைத்தது. பதினான்கு வருஷத்துக்கு முந்திய கதை அது. வயிற்றில் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்கான கருவிகள் முழங்கை நீளத்துக்கு, பென்சிலைவிட ஒல்லியாக இருக்கும். மின்சாரம் நுனியில் மட்டும் பாய வேண்டும் என்பதற்காக உடம்பெல்லாம் கறுப்பு உறை போட்டிருப்பார்கள். ஒரு நாள் காலையில் ஒரு கத்தரியின் உறையில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருப்பதை வாய்க்காரி லென்ஸில் பார்த்துவிட்டாள். அந்த விரிசல் வழியே மின்சாரம் கசிந்தால் குடல் சுடும். கேமராவுக்கு வெளியே சுட்டால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. தட்டை அனுப்ப முடியாது என்று நிறுத்திவிட்டாள். மேலே நோயாளி மேஜையில் படுத்தாகிவிட்டது. டாக்டரம்மா தொப்பியும் முகமூடியுமாக லிஃப்டில் இறங்கி வந்துவிட்டார்.

"நான் கேட்டது கருவி. உன் கருத்தை இல்ல."

"கருவியைத் தர்றேம்மா. இந்த லென்ஸ்ல ஒரே ஒரு தடவை பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரம் ஆனது. பிறகு குரலை இறக்கி, "வேற கத்தரி இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க திட்ட ஆரம்பிச்சப்பவே எடுத்து வெச்சிட்டேன்."

"சரியான வாய்க்காரிடி நீ" என்று சொல்லிவிட்டுப் போனவர், அன்றிலிருந்து அவள் கை படாத தட்டைத் தொடுவதில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் ரோபோ வந்தது. இரண்டாம் தியேட்டரின் சுவரை இடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். நான்கு கைகளுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, கல்யாணப் பெண்ணைப் போல நிறுத்தினார்கள். முன்வாசல் கூடத்தில் ஆளுயரத்துக்கு அதன் படம் மாட்டினார்கள். வாய்க்காரிக்கு அது புதுத் தட்டாக வந்து சேர்ந்தது. அந்தக் கருவிகளின் நுனியில் ஒரு குட்டி மணிக்கட்டு இருந்தது. மனிதக் கையைவிட அதிகமாகத் திரும்பியது. உள்ளே நூல் மாதிரிக் கம்பிகள் ஓடின. ஒன்றைக் கழுவுகிற நேரத்தில் பழையதை மூன்று கழுவிவிடலாம். ஆனாலும் முதல் நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "அழகா இருக்கே சனியன்!" என்றுதான் சொன்னாள். அவளுக்கு அதன்மேல் எந்தப் பகையும் கிடையாது.

ஊரெல்லாம் பேசுகிற அந்த வாய் தன் உடம்பைப் பற்றி மட்டும் திறக்கவே இல்லை. இரண்டு வருஷமாக மாதாமாதம் உதிரப்போக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டுகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வேறு ஊர்களில் வேலைக்குப் போயிருந்தார்கள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், விடியுமுன் கிளம்பிவிடுவார். யாரிடமும் சொல்லாமல், "வயசாச்சுன்னா நின்னு போயிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் கழுவுதொட்டி ஓரத்தில் நின்றிருந்தவள், கையில் பிரஷோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. சோதித்துப் பார்த்தால், உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருந்தது. ஸ்கேனில் கருப்பையில் மூன்று நார்க்கட்டிகள் தெரிந்தன. ஒன்று கைமுஷ்டி அளவு. புற்று ஏதும் இல்லை, ஆனால் கருப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். முதலில் ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து ஊசி போட்டு, ஆறு வாரம் கழித்து ஆபரேஷன்.

அடுத்த நாளே மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறைக்கு இருபத்தோரு வருஷத்தில் அவள் மூன்று தடவைதான் போயிருக்கிறாள். மூன்றும் திட்டு வாங்க. இந்தத் தடவை நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நிர்வாகம் உங்க ஆபரேஷனை ரோபோல, முழுக்க இலவசமா செஞ்சு குடுக்கறதா முடிவு பண்ணியிருக்கு."

"இலவசமா? ஏன் சார்?"

"நம்ம ஊழியரே நம்பிப் பண்ணிக்கிட்டாங்கன்னா வெளிய ஜனங்களுக்கும் ஒரு தைரியம் வரும்ல? நீங்க வீட்டுக்குப் போறப்ப ஒரு போட்டோ, நாலு வரி பேட்டி. அவ்வளவுதான்."

"யாரு சார் செய்வாங்க?"

"ரோபோதான்."

"ரோபோவை ஓட்டறது யாருன்னு கேட்டேன்."

மேனேஜர் சிரித்தார். "இளம் டாக்டர்தான். வெளிநாட்டுல பயிற்சி எடுத்தவர்."

"அவர் இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்காரு?"

சிரிப்பு நின்றது. "அதெல்லாம் நீங்க ஏன் கேக்கறீங்க?"

"என் வயிறு சார். அடுத்த வீட்டுக்காரி வயிறா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். ஆனால் செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. புருஷனின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், நோட்டுப் புத்தகக் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அதிர்ஷ்டம் வாசல் தேடி வருது, நீ யோசிக்கிறேன்னுட்டு வந்தியாமே! தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாப்பாங்க?"

"மாடா இருந்தா பாக்க மாட்டேன் அண்ணி. இந்த மாடு எனக்குள்ள இல்ல புகுந்து மேயப் போவுது."

"மனுஷன் கை நடுங்கும், மிஷின் கை நடுங்குமா? அதுவே பாத்து அறுத்துடும், அதுவே தெச்சுடும். நீ தூங்கி எழுந்தா முடிஞ்சிடும்."

"அதுவா ஒரு நூல்கூட அறுக்காது அண்ணி. ஒரு ஓரத்துல டாக்டர் உக்காந்து, கண்ணாடிக்குள்ள பாத்துக்கிட்டு ரெண்டு கையாலயும் திருகறாரு. இது அவர் செய்யறதை உள்ள செய்யுது. ஓட்டறவர் சரியா இருந்தா வண்டி சரியா போகும்."

புருஷன் அதுவரை வாய் திறக்கவில்லை. அக்கா முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான். இருபக்கமும் தலையாட்டுகிற மனுஷர். மெதுவாகச் சொன்னார்: "எங்க கம்பெனியில புது வேன் வந்தா, முதல் ஒரு மாசம் பிள்ளைங்களை ஏத்த விடமாட்டாங்க. காலியாத்தான் ஓட்டணும்."

"நீ சும்மா இருடா" என்றார் நாத்தனார். அவர் சும்மா ஆகிவிட்டார். ஆனால் வாய்க்காரிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வெகு நாளைக்குப் பிறகு புருஷனுக்கு இரண்டாம் தடவை தட்டில் பரிமாறினாள்.

மறுநாள் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். டாக்டரம்மாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருந்தது. ரோபோ பக்கமே போகாதவர்.

"ரோபோவா, நீங்க துளை போட்டுச் செய்யறதா, ரெண்டுல எது எனக்கு நல்லதும்மா? மறைக்காம சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உனக்கு இருக்கற மாதிரிக் கட்டிக்கு ரெண்டுலயும் முடிவு பெரும்பாலும் ஒண்ணுதான். துளை அதுலயும் நாலு, இதுலயும் நாலு. ரெண்டு நாள்ல வீடு. வலியும் கிட்டத்தட்ட ஒண்ணு. ரோபோல படம் ஆழமாத் தெரியும். கருவி மணிக்கட்டு மாதிரி வளையும். இடுக்கான இடத்துல, நிறைய தையல் போடற வேலையில அது பெரிய உதவி. ஆனா கைக்குத் தொட்ட உணர்ச்சி வராது. கண்ணாலதான் எல்லாத்தையும் பாத்துக்கணும். தயார் பண்ண நேரமும் செலவும் கூட."

"அப்ப ஏம்மா யோசிக்கிறீங்க? உங்க நெத்தி சுருங்குதே."

"உனக்கு ரெண்டு பிள்ளையும் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. அந்தத் தழும்புல மூத்திரப்பை கருப்பையோட ஒட்டியிருக்கலாம். ரொம்ப ஒட்டியிருந்தா நான் துளையை விட்டுட்டு வயித்தைத் திறக்க வேண்டி வரும். அதை இப்பவே சொல்லிடறேன். நல்லாப் பழகின கை ஓட்டினா, அந்த மாதிரி இடத்துல ரோபோ சுலபமா இருக்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. பொய் இல்ல."

"நீங்க எத்தனை பண்ணியிருப்பீங்க?"

"துளை வழியா கருப்பை மட்டும் ஆயிரத்துக்கு மேல. எத்தனை தடவை திறக்க வேண்டி வந்துச்சுன்னும் கேளு."

"எத்தனை?"

"முப்பத்தாறு. உன் மாதிரித் தழும்பு இருக்கறவங்கதான் அதுல அதிகம்."

அங்கிருந்து நேரே இளம் டாக்டரிடம் போனாள். அவர் முதலில் மினுமினுப்பான காகிதம் ஒன்றை எடுத்து, கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் உள்ளதையே சொல்ல ஆரம்பித்தார். அவள் காகிதத்தை மடித்து அவர் பக்கமே தள்ளினாள்.

"டாக்டர், உங்க தட்டைக் கழுவறவ நான். உங்க கை நல்ல கைன்னு எனக்குத் தெரியும், சதையைப் பிய்க்காத கை. நான் கேக்கறது ஒண்ணுதான். இந்த மிஷின்ல நீங்களே உக்காந்து எத்தனை பண்ணியிருக்கீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணத்தை அவர் விட்டுவிட்டார்.

"பதினொண்ணு. அதுல கருப்பை நாலு."

"ரெண்டு தடவை கிழிச்சுப் பிள்ளை பெத்த வயிறு?"

"ஒண்ணுகூட இல்லை."

"உண்மையைச் சொன்னீங்க, நல்லா இருப்பீங்க. இன்னும் நிறைய பண்ணுங்க. ஆனா பன்னிரண்டாவது நான் இல்ல."

மேனேஜருக்கு அன்று சாயங்காலமே பதில் சொல்லிவிட்டாள். பெரிய டாக்டரம்மாவிடம், துளை போட்டு. ஊழியர் காப்பீடு தருகிறதைத் தரட்டும், மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்வோம் என்றாள். மேனேஜர் முகம் இறுகியது. நிர்வாகத்தோடு ஒத்துழைக்காதவர்களை எங்கே வைப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியும் என்றார். "தரைக்குக் கீழ இருக்கேன் சார். இதுக்கும் கீழ தோண்டினா தண்ணிதான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில் சம்மதப் படிவம் வந்தது. அதில் ரோபோ முறை என்று முன்பே அச்சாகியிருந்தது. எல்லாருக்கும் இதே படிவம்தான், கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் நர்ஸ். வாய்க்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேலே தன் கோணல் எழுத்தில், 'பெரிய டாக்டரம்மா கையால், லேப்ராஸ்கோபி. அவசியம் வந்தால் அவரே வயிற்றைத் திறக்கலாம். ரோபோ வேண்டாம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். புருஷனையும் சாட்சிக்குப் போட வைத்தாள். அவர் முழுப்பெயரையும் எழுதினார்.

காலை ஏழரைக்குத் தள்ளுவண்டி வந்தது. தள்ளுகிறவர் பழகின ஆள், எல்லாருக்கும் அண்ணன். மேலே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முதலாம் தியேட்டர் இடது கைப் பக்கம் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வண்டி வலது பக்கம் திரும்பியது.

"அண்ணே, எங்க போறீங்க?"

"ரெண்டாம் நம்பர்னுதான் சீட்டுல போட்டிருக்கு வாய்க்காரி."

கதவு திறந்தது. பிளாஸ்டிக் உறை மாட்டிய நான்கு கைகளும் மேஜைக்கு மேல் தயாராக விரிந்து நின்றன. பின்னால் யாரோ "சீக்கிரம்" என்றார்கள். வாய்க்காரி எழுந்து உட்கார்ந்தாள். பக்கத் தடுப்பை இறக்கினாள். இருபத்தோரு வருஷம் அந்த வண்டிகளின் தாழ்ப்பாளைப் பார்த்தவளுக்கு அது ஒரு வேலையா? சில்லென்ற தரையில் வெறுங்காலை ஊன்றி நின்றாள். ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் நாடா மட்டும்தான். ஒரு கையால் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சலைன் ஊசி குத்தியிருக்க, நடந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் மர பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "அக்கா, என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பெரிய டாக்டரம்மா வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். தூக்கிட்டுப் போகணும்னா தூக்கிக்கோங்க. ஆனா கத்துவேன். என் வாய் எப்படின்னு உங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டாளே தவிர, பசி, குளிர், பயம் எல்லாம் சேர்ந்து பல் கிட்டியது. யாராவது ஒரு தடவை அதட்டியிருந்தால் அழுதிருப்பாள். அதட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை. தள்ளுவண்டி அண்ணன் மட்டும் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டுவிட்டு, "நான் எதையும் பாக்கல" என்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

இளம் டாக்டர் கை கழுவிய ஈரத்தோடு வந்தார்.

"நீங்க மனசு மாறிச் சம்மதிச்சிட்டீங்கன்னு நேத்து சாயங்காலம் சொன்னாங்களே."

"நான் சொன்னேனா?"

அவர் ஃபைலை வாங்கிப் புரட்டினார். அடித்திருந்த இடத்தையும் அந்தக் கோணல் எழுத்தையும் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டது. யாரிடமும் எதுவும் கேட்காமல் சுவரிலிருந்த போனை எடுத்துப் பெரிய டாக்டரம்மாவை அவரே கூப்பிட்டார். "மேடம், உங்க பேஷன்ட் இங்க தாழ்வாரத்துல உக்காந்திருக்காங்க. தப்பு எங்க பக்கம்" என்றார்.

டாக்டரம்மாவிடம் அன்று ஆபரேஷன் ரத்தாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்களாம். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். வந்தவர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏண்டி, ரத்தமே இல்லாத உடம்பை வெச்சுக்கிட்டு நடைப்பயணமா?" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்து எழுப்பி, முதலாம் தியேட்டருக்குக் கூட்டிப் போனார்.

கதை இத்தோடு சுபமாக முடிந்திருந்தால் சொல்கிறவருக்கும் சுகம். ஆனால் உள்ளே டாக்டரம்மா பயந்தது போலவே இருந்தது. மூத்திரப்பை பழைய தழும்போடு பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துளை வழியாக ஒன்றரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். ரத்தம் கசிய ஆரம்பித்ததும் காத்திருக்கவில்லை. பழைய தழும்பின் மேலேயே ஒரு சாண் திறந்து, கருப்பையை எடுத்து, ரத்தத்தைக் கட்டி, மூத்திரப்பைக்குச் சேதம் இல்லாமல் மூடினார். இரண்டு நாளில் வீடு என்பது ஆறு நாள் ஆனது. இருமினால் வயிறு இரண்டாகப் பிளப்பது போல வலித்தது. தலையணையை அணைத்துக்கொண்டுதான் தும்ம முடிந்தது.

நான்காம் நாள் மேனேஜர் வார்டுக்கு வந்தார். நலம் விசாரிக்கிற முகம்தான், ஆனால் உதட்டோரத்தில் ஒரு சுழிப்பு.

"பாத்தீங்களா? அன்னைக்கே சொன்னதைக் கேட்டிருந்தா இந்த வெட்டு இருந்திருக்காது."

நாத்தனார் கட்டில் ஓரத்தில் இருந்தார். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போல, தலையைக் குனிந்துகொண்டார். வாய்க்காரி தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருந்திருக்காதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? பெரிய டாக்டரம்மாவைக் கேட்டேன், தெரியாதுன்னாங்க. இளம் டாக்டரைக் கேட்டேன், அவரும் தெரியாதுன்னாரு. கத்தி பிடிக்கிற ரெண்டு பேருக்கும் தெரியாதது பேனா பிடிக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா? இந்த வெட்டு வரலாம்னு எங்கிட்ட முன்னாடியே சொன்னாங்க. சரின்னு நான் எழுதிக் குடுத்தேன். இது என் வெட்டு. நான் வேண்டாம்னு எழுதினதுக்கு மேல வண்டியைத் திருப்பினீங்களே, அதுக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

வார்டில் பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டிலும் தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு அவள் அழுதாள். வலிக்காகவா வேறு எதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

எட்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றல் என்று ஒரு கடிதம் காத்திருந்தது. ஈரப் போர்வை மூட்டைகளைத் தூக்குகிற வேலை; தையல் போட்ட வயிற்றுக்கு ஆகாது. அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. வழக்கம்போலக் கீழே போய் உறைகளை மாட்டிக்கொண்டு தொட்டி முன் நின்றாள். மூன்று நாள் அவள் வருகையைப் பதிய மாட்டோம் என்றார்கள். மூன்று நாளும் பதிவில்லாமலே கழுவினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பெரிய டாக்டரம்மா, வாய்க்காரி பார்த்து அனுப்பாத கருவியை நான் தொட மாட்டேன் என்று எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினார். அடுத்த நாள் காலை இளம் டாக்டரும் அப்படியே ஒன்று எழுதினார். அதோடு கூடவே, முதலாம் தியேட்டர் நோயாளி இரண்டாம் தியேட்டருக்கு வந்தது எப்படி என்று விசாரிக்கச் சொல்லி இன்னொரு கடிதமும். மாற்றல் காகிதம் எந்த அலமாரியில் போய்த் தூங்கியதோ, அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அச்சடித்த படிவம் மாறியது. எந்த முறை, யார் கையால் என்பதை நோயாளி முன்னால் உட்கார்ந்து பேனாவால் நிரப்ப வேண்டும் என்றானது.

இரண்டு வருஷம் போனது. டாக்டரம்மா ஓய்வு பெறுகிற மாதம், நாத்தனார் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தம்பி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னார்: கருப்பை கீழிறங்கி வருகிறது, ஏழு வருஷமாக மறைத்துவைத்திருக்கிறாராம்.

"ஏழு வருஷமா! என்னைத் திட்டறதுக்கு மட்டும் வாய் இருந்துச்சு, இதைச் சொல்ல வாய் இல்லையா அண்ணி?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

வாய்க்காரி அடுத்த நாளே அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். உள்ளே ஆழத்தில், முதுகெலும்பின் அடி வரை வலை வைத்துத் தைத்துத் தூக்க வேண்டிய வேலை அது. "இவ்வளவு தையலுக்கு அந்த மணிக்கட்டுதான் வசதி. இளம் டாக்டர்கிட்ட போங்க. இப்ப நல்லாக் கை வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. இளம் டாக்டர் அவர்கள் நாற்காலியில் உட்காருமுன்பே சொல்லிவிட்டார்:

"மொத்தம் இருநூத்தி முப்பது. இந்த ஆபரேஷன் மட்டும் நாப்பத்தொண்ணு. நாலு பேருக்கு மறுபடி பிரச்சினை வந்திருக்கு. என்னன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க."

நாத்தனார் பயந்துபோய் இவளைப் பார்த்தார். "அன்னைக்கு வேண்டாம்னு பெஞ்சுல உக்காந்தவ நீ. எனக்கு மட்டும் சரிங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. உங்க வயிறு, நீங்கதான் சொல்லணும். அவரைக் கேளுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

நாத்தனார் கேட்டார். ஒரு மணி நேரம் கேட்டார். கடையில் பென்சில் வாங்க வருகிறவனிடம் பேரம் பேசுவது போல, விடாமல் கேட்டார். பிறகுதான் படிவத்தில் தன் கையால் 'ரோபோ' என்று எழுதினார். நன்றாகவே முடிந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னார்.

இப்போதும் வாய்க்காரி கீழேதான் இருக்கிறாள். கருவித் தட்டு வாங்குகிற சின்ன ஜன்னலுக்கு வெளியே, கையில் ஸ்கேன் ஃபைலோடு யாராவது ஒரு பெண் தயங்கி நிற்பது இப்போதெல்லாம் சகஜம். நோயாளிகள் இங்கே வரக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார்கள். போன வாரமும் ஒருத்தி வந்தாள், பித்தப்பையில் கல்.

"அம்மா, துளை போட்டுச் செய்யறது நல்லதா, ரோபோ நல்லதா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க டாக்டருக்குத்தான் தெரியும். இது உங்க கையால எத்தனைன்னு கேளுங்க. என் உடம்புக்கு இதனால தனியா என்ன லாபம்னு கேளுங்க. சரியா வரலைன்னா அடுத்து என்ன செய்வீங்கன்னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டாருன்னா, எழுந்து வேற டாக்டரைப் பாருங்க."

செக்யூரிட்டி வந்து தொண்டையைக் கனைத்தார். "அக்கா, நோட்டீஸ் ஒட்டியிருக்கு. பாக்கலையா?"

"பாத்தேன்யா. நோயாளி வரக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நான் பேசக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு, காட்டு" என்றாள் வாய்க்காரி. சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள், அடுத்த தட்டு வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் ஃபைலின் பின்பக்கத்தில் மூன்று கேள்விகளையும் எழுதிக்கொண்டிருந்தாள். செக்யூரிட்டி அவளுக்குத் தன் பேனாவைக் கொடுத்திருந்தார்.